மலையிலிருந்து இறங்கியவர்கள்
சேந்தமங்கலம் சமவெளியில் மலையாளிப் பழங்குடிகளின் கூடிவாழ்வும் திருநாள்களும்



மறைந்த தோழரை நினைத்துக் கூடும் நாளில் நாம் வழக்கமாக நம் சொந்த வரலாற்றைப் பேசுகிறோம். இந்த ஆண்டு, நமக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் நாம் அதிகம் பேசாத மக்களைப் பற்றிப் பேசுவோம். சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரிகிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடிகளை நாம் அறிவோம். கேரளத்து மலையாளிகள் அல்லர் இவர்கள். மலையை ஆளுபவர்கள் என்று பொருள் சொல்லும் தமிழ் பேசும் மக்கள். ஆனால் அதே மலையிலிருந்து இறங்கி, கோழிப் பண்ணையிலும் செங்கல் சூளையிலும் சேகோ ஆலையிலும் வேலை செய்து கீழேயே தங்கிவிட்ட குடும்பங்களை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்?

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டு மட்டுமே. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 விழுக்காடு, அவர்களில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் மலையாளிகள்தாம். ஆகவே சேந்தமங்கலம் என்ற பெயர் சட்டப்பேரவைப் பட்டியலில் பழங்குடிகளின் பெயராகவே நிற்கிறது. அந்த ஊரின் தெருவில் நடக்கும் பழங்குடியிடமோ, "நீ மலையில் இல்லையே, எப்படிப் பழங்குடி?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் பதில் வேடிக்கையானது. மலையாளிகளின் தோற்றக் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. அண்ணன் தம்பிகள் அங்கிருந்து புறப்பட்டு வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்றும், அவர்கள் வழிவந்தவர்களே சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மக்கள் என்றும் அந்தக் கதை சொல்கிறது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் இந்தக் கதையைப் பதிவு செய்தன. பதிவு செய்த கையோடு, இவர்கள் உண்மையான மலைச்சாதியினர் அல்லர், சமவெளியிலிருந்து ஏறிப்போன உழவர்கள் என்றும் எழுதிவைத்தன. அன்று, சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால் பழங்குடி இல்லை. இன்று, சமவெளிக்கு வந்துவிட்டார்கள் என்பதால் பழங்குடி இல்லை. ஏறினாலும் குற்றம், இறங்கினாலும் குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அட்டவணையில் மலையாளி என்ற பெயருக்கு எதிரே தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. மலை என்ற நிபந்தனை அதில் இல்லை. நாமக்கல் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. எனவே சேந்தமங்கலத்தில் ஓட்டு வீட்டில் வசிப்பவருக்கும் வளப்பூர் நாட்டில் வசிப்பவருக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு கிடையாது. மறுபுறம், ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் காலங்காலமாக வாழும் மலையாளிகள் பழங்குடிச் சான்று கேட்டு நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். அவர்கள் இருப்பது மலையில்தான். மாவட்டம்தான் பட்டியலில் இல்லை. அங்கே மலை போதவில்லை, இங்கே மலை இல்லாதது குறையாகிறது.

இது நமக்குப் புதிய அனுபவம் அல்ல. மதம் மாறினால் பட்டியல் சாதி நிலை போய்விடும் என்று 1950ஆம் ஆண்டு ஆணை சொன்னது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது தளர்த்தப்பட்டது, கிறித்தவ தலித்துகளுக்கு இன்றும் இல்லை. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனால் அங்கே அந்த நிலை கூடவராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழிவு மட்டும் எல்லைகளைத் தாண்டி வருகிறது; உரிமை எல்லையில் நின்றுவிடுகிறது.

அப்படியானால் கீழே இறங்கியவர்களை ஒரு சமூகமாகக் கட்டி வைத்திருப்பது எது? கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளின் பெயரையே தாங்கியவை. கீழே எத்தனை ஆண்டு இருந்தாலும் "எந்த நாடு?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. பெண் கேட்கவும் பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று பிரித்தறியவும் அந்தப் பதில் வேண்டும். பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுப்பது இவர்களின் பழைய வழக்கம். சமவெளியில் வரதட்சணை அதை விழுங்கப் பார்க்கிறது. இறங்கி வந்ததில் பெண்கள் இழப்பது எது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

ஆடி பிறந்தால் பேருந்து நிலையத்தில் மேலே போகும் கூட்டம் சேர்கிறது. ஆடி 18 அன்று அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆற்றில் நீராடவும் எல்லாச் சாதியினரும் ஏறுகிறார்கள். மற்றவர்களுக்கு அது கோயில் பயணம். கீழே குடியேறிய மலையாளிக்கு அது உறவைப் புதுப்பிக்கும் நாள். அதே ஆடி 17, 18இல் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. சங்கப் புலவர்கள் பாடிய ஒரு தலைவனைப் போற்றுவதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் மலையின் மக்கள் அந்த மேடையில் ஆடிக்காட்டுபவர்களாக மட்டும் நிற்பது போதாது. பொங்கலில் ஊர்கூடி நடத்தும் எருதாட்டத்துக்கும், புதுச் சாமையும் தினையும் பொங்கிப் படைப்பதற்கும் மேடை தேவைப்படுவதில்லை.

கடல் கடந்தும் இந்தக் கதை உண்டு. கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் மக்களில் பெரும்பகுதியினர் அரசு ஒதுக்கிய நிலப்பகுதிகளுக்கு வெளியே வாழ்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து 1949இல் கனடாவோடு இணைந்தபோது அங்கிருந்த மிக்மாக்குகளைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. 2011இல் கலிப்பு என்ற பெயரில் ஒதுக்கீட்டு நிலமே இல்லாத ஒரு மக்கள் அமைப்பு அங்கீகாரம் பெற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினராக விண்ணப்பித்தார்கள். யார் உண்மையான மிக்மாக் என்ற சண்டையும் கூடவே வந்தது. ஹாலிஃபாக்ஸ் நகரில் 1973இலேயே நகரவாசி மிக்மாக்குகளுக்கு ஒரு நட்பு மையம் அமைந்தது. ஜூலை 26, புனித அன்னாள் திருநாளுக்குச் சிதறிக் கிடப்பவர்கள் கூடுகிறார்கள். நம் ஆடிக்கு அது சில நாள்தான் முன்பின்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருநாள் ஒரு மக்களைக் கட்டிவைக்கிறது என்று நாம் சொல்வதையே அதிகாரம் தேர்வுத்தாளாக மாற்றிவிடும். "உன் சாமி பெயர் சொல், சடங்கைச் செய்துகாட்டு" என்று கேட்டு, நகரத்தில் வளர்ந்த பிள்ளை தடுமாறினால் சான்று மறுக்கப்படும். இத்தகைய பண்பாட்டு ஒப்புமைச் சோதனை முடிவான அளவுகோல் ஆகாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு கூறியிருக்கிறது. இதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு உள்ள ஒதுக்கீடு 1 விழுக்காடு. ஒரு சான்று மறுக்கப்பட்டால் ஒரு பிள்ளையின் கல்லூரி மறுக்கப்படுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். மலையாளிகளின் கதை தங்களை வேளாளர் என்கிறது; பெயரோடு கவுண்டர் என்ற பட்டம் வருகிறது. தலித்துகளிடம் தீண்டாமை பார்த்த வரலாறும் அவர்களுக்கு உண்டு. சூளையில் அருந்ததியரும் மலையாளியும் ஒரே முதலாளியிடம் முன்பணம் வாங்கி நிற்கும்போதும் அந்தப் பட்டம் இடையில் நிற்கிறது. அதைக் கேள்வி கேட்டபடியேதான் நாம் அவர்களோடு நிற்க முடியும்.

செய்ய வேண்டியவை இரண்டு. சான்றுக்கு அலையும் குடும்பத்தோடு சட்டத்தின் வாசகத்தை எடுத்துக்கொண்டு நாமும் அலுவலகப் படியேற வேண்டும். கீழே வாழும் மூத்த பெண்களிடம் நாடு, உறவு, பரியம், பாட்டு ஆகியவற்றைக் கேட்டு, அவர்கள் அனுமதியோடு பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு அதிகாரிக்குக் காட்டுவதற்கு அல்ல, அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு. அடுத்த நினைவு நாளில் இதே இடத்தில் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நின்று தம் மக்களின் வரலாற்றைத் தாமே பேசட்டும், நாம் கேட்போம்.