கடைசி வரிசையில் வைக்காத கட்டளை

மாந்தோப்பில் கன்று நடுமுன் கயிறு பிடித்துக் குழி குறிப்பதைப் பெரியகுளத்தார் அறிவர். கணிப்பொறி ஆட்டத்திலும் பொருளை வைக்க இடக்கணக்கு வேண்டும்.

1991-இல் அமெரிக்க மாணவர் டிம் சுவீனி வெளியிட்ட ‘இசட்.இசட்.டி.’யில், விளையாடுவோரே புதிய ஆட்டங்களை இயற்றலாம். களம் 60 பத்தி, 25 வரிசை. ‘புட்’ என்னும் கட்டளையோடு திசையையும் பொருளின் பெயரையும் எழுதினால், அடுத்த கட்டத்தில் பாறையோ புலியோ தோன்றும். அங்கே தள்ளத்தக்க பொருள் இருந்தால், முதலில் அதைத் தள்ளப் பார்க்கும்.

ஆனால் கடைசி வரிசையில் மட்டும் எதையும் வைக்காது! சுவீனியின் மூல நிரல் தொலைந்துபோயிற்று. 2020-இல் ஏட்ரியன் சியெகியெர்கா மீட்டமைத்த நிரலில் காரணத்தைக் கண்ணாலேயே காணலாம். பத்திக்கு ‘60 அல்லது அதற்குக் குறைவு’ என்றிருக்கிறது. வரிசைக்கோ ‘25-க்குக் குறைவு’. எல்லை நிபந்தனையில் தடுமாறும் இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. ஒரு சமக்குறி விடுபட்டதில் 60 கட்டங்கள் அக்கட்டளைக்கு எட்டாமற் போயின.