பயிர்வயல் கரியமில வாயுப் பரிமாற்ற அளவீடு

வயலும் அதன் மேலுள்ள காற்றும் கொடுத்து வாங்கும் கரியமில வாயுவைக் கணக்கிடும் முறை. பகலில் பயிர் ஒளிச்சேர்க்கைக்காக வாயுவை இழுத்துக்கொள்கிறது; பயிரும் மண்ணுயிர்களும் இரவுபகலாகச் சுவாசித்து அதை வெளிவிடுகின்றன. இவற்றின் நிகர அளவே அறியப்பட வேண்டியது.

தொடக்கத்தில் மூடிய பெட்டியைச் செடிமேல் கவிழ்த்து அளந்தனர். 1958இல் ஜப்பானின் இனோவே பயிர்வயலிலும், 1960இல் இங்கிலாந்தின் மான்டீத் குழுவினர் சர்க்கரை பீட்ரூட் வயலிலும், பயிருக்கு மேல் வெவ்வேறு உயரங்களில் வாயுச் செறிவை ஒப்பிட்டுக் கணித்த ஆய்வுகள் வெளிவந்தன. காற்றுச் சுழல்களையே நேரடியாக அளக்கும் வழியை ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பேங்க் 1951இலேயே விளக்கியிருந்தார். அதற்கு ஈடுகொடுக்கும் வேகமான கருவிகள் 1980களில்தான் கிடைக்கலாயின. வயலில் நட்ட கம்பத்தின் உச்சியில் உள்ள மீயொலிக் காற்றுமானி, காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நொடிக்குப் பத்து முறைக்குக் குறையாமல் பதிகிறது. பக்கத்திலுள்ள அகச்சிவப்பு உணரி அதே கணத்தில் வாயுச் செறிவைப் பதிகிறது. இறங்கும் காற்றில் வாயு மிகுந்தும் ஏறும் காற்றில் குறைந்தும் இருந்தால், பயிர் வாயுவை உண்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத இந்தப் போக்குவரத்து அரைமணிக்கு ஒரு கணக்காகத் தொகுக்கப்படுகிறது. அளவீட்டு நிலையங்களின் உலக வலையமைப்பு 1997இலும் ஆசிய வலையமைப்பு 1999இலும் உருவாயின.

இந்தியாவில் நெல்வயல் வாயு அளவீட்டை முன்னுக்குக் கொண்டுவந்தது மீத்தேன் குறித்த சர்ச்சை. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் 1991இல் முன்னின்று நடத்திய கள அளவீடுகள் சுமார் 40 லட்சம் டன் என்றே காட்டின. சுழல் அளவீட்டு முறையில் கரியமில வாயுவைக் கணித்த இந்திய நெல்வயல்களுள் கட்டாக்கிலுள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் குறிப்பிடத்தக்கது. தமிழகக் கடற்கரையில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் இத்தகைய அளவீட்டுக் கோபுரம் நிறுவப்பட்டது.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியின் ஏரிப்பாசன வயல்களுக்குத் தனிக் கவனம் தேவை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் மாறுந்தோறும் நீர்நிலையும் மாறுகிறது. தேங்கிய நீர் மண்ணிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதைத் தடுக்கிறது. அறுவடைக்கு முன் நீரை வடித்ததும் வாயு வெளியேற்றம் கூடுகிறது. மூன்று மீட்டர் உயரக் கருவிக்குக் காற்று வரும் திசையில் சுமார் 300 மீட்டர் ஒரே பயிர் வேண்டும் என்பது பொது விதி. சிறு வயல்களும் சவுக்குத் தோப்புகளும் கலந்த கரையோரத்தில், பிற்பகல் கடற்காற்று தோப்பின் கணக்கையும் வயலின் கணக்கோடு சேர்த்துவிடக்கூடும்.

காற்று அசையாத இரவுகளில் வெளியீடு குறைவாகப் பதிவாவதை எவ்வாறு திருத்துவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அறுவடையான நெல்லிலும் வைக்கோலிலும் வெளியேறும் கரிமத்தைக் கழித்தால் வயல் கரிமத்தைச் சேமிக்கிறதா என்பதும் முடிவாகவில்லை. கோபுரத் தரவைச் செயற்கைக்கோள் படங்களோடு இணைத்துப் பெரும்பரப்புக்குக் கணிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.