மலை ஜீப்பின் பிரேக்

திருவனந்தபுரத்திலிருந்து கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். இத்தகைய மலைப்பாதைக்குப் பொருந்திய ஜீப்பை மஹிந்திரா 1947இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க வில்லிஸ் வடிவமான அந்த வண்டியோடு ஒரு தொல்லையும் வந்தது: மிதித்தால் பஞ்சில் கால் வைத்ததுபோல் பிரேக் அமுங்கிவிடும்.

கம்பியும் தண்டும் இழுத்த பழைய பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. கம்பி தளர்ந்தால் இறுக்கினால் போதும். ஜீப்பில் இருந்ததோ எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக். அதற்கு மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைப் பொருத்தியது. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் குமிழ் புகுந்தால் மிதிக்கும் விசை அதைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

மிதிக்கும் விசையை எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஜீப்பில் இருந்த இடமே வினை. அது ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருந்தது. சேற்றைத் துடைக்காமல் மூடியைத் திறந்தால் மண் நேரே ஆயிலில் விழும். இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில் ஈரம் வேறு. கிளைகோல் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் கலந்தால் அந்த வரம்பு 140 ஆகிவிடும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி ஆயில் கொதிக்கும், ஆவி குமிழாகும். அடிவாரத்தில் ஆறியதும் மிதி மறுபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக்கிடம் காட்டினால் கோளாறே தெரியாது.

மிதியே பாதி துப்புத் தரும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலேறிக் கெட்டியானால் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். ஷூவை டிரம்மோடு நெருக்கி வைக்க வேண்டும். நெகிழ்ந்தே இருந்தால் காற்று. அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப். காற்றெடுக்க இருவர் வேண்டும்: ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி நிப்பிளைத் திறந்து, ஆயில் குமிழின்றி வந்ததும் மூடுவார். துருப்பிடித்துக் குழிவிழுந்த சிலிண்டரில் கப்பை மட்டும் மாற்றுவது வீண்செலவு. சில வாரங்களில் மீண்டும் கசியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒற்றைக் குழாய்ச்சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கும் போகும். அமெரிக்கா 1968 முதல் கார்களில் இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கிய பிறகும் இங்கே பழைய ஜீப்புகள் ஒற்றைச் சுற்றிலேயே மலையிறங்கின. 2010இல் வந்த மஹிந்திராவின் ‘தார்’ ஜீப்பில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கிடைத்தது. ஆயில் மட்டும் அதே கிளைகோல். அதைக் காலாகாலத்தில் மாற்றும் வேலை இன்னும் தீரவில்லை.