கூடாரப் பண்டிகை

லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் கூறும் இப்பண்டிகைக்கு எபிரெயத்தில் ‘சுக்கோத்’ என்று பெயர். ஒருமை ‘சுக்கா’, மூடுதல், வேய்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. துணிக்கூடாரம் அல்ல, இலைதழை வேய்ந்த குடில். நம் ‘பந்தல்’தான் அதற்கு நெருக்கம் என்பேன். விளைச்சலைச் சேர்த்துக் களஞ்சியம் நிறைந்த வேளையில், சொந்த வீட்டை விட்டு 7 நாள் அதில் தங்க வேண்டும். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோரின் வனாந்தர வாழ்வை மறவாதிருக்கத்தான். கூரை இடுக்கில் விண்மீன் தெரியவேண்டும் என்பது யூத மரபு.

வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்து லயங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்தும், வேலை ஓய்ந்தால் எங்கே போவது என்ற கவலையோடு வாழும் கிறிஸ்தவருக்கு ‘சுக்கா’ என்னும் சொல் சட்டென விளங்கும். அப்படி நிலையற்ற குடிலில் தங்கும் இப்பண்டிகையின் கடைசி நாளில்தான், தாகமுள்ளவர்களைத் தம்மிடம் வரும்படி இயேசு எருசலேமில் அழைத்தார்.