ஊரை விட்டு மண்ணுக்குப் போனவர்கள்



சென்ற மாதம் ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரிக் கொல்லையில் நின்றிருந்தேன். பட்டணத்து வேலையை விட்டுவிட எண்ணியிருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "சார், யாரையும் எதிர்பார்க்காம இரண்டு ஏக்கரில் விளைவிச்சு அதிலேயே வாழ முடியாதா?" பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். "நாங்க அறுபது வருஷமா அதைத்தானே தம்பி பார்த்துக்கிட்டிருக்கோம்!" என்றார்.

தம்பியின் ஆசை புதிதல்ல. அமெரிக்காவில் தோரோ என்ற எழுத்தாளர் 1845-ல் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டார். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ் விதைத்தார். செலவு போக முதல் வருஷம் கையில் நின்றது எட்டு டாலர் எழுபத்தொன்றரை சென்ட். குடிசை இருந்த நிலமோ நண்பர் எமர்சனுடையது! இரண்டு வருஷம் சென்று ஊருக்கே திரும்பிவிட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுச்சேரியை ஒட்டி ஆரோவில் இருக்கிறதே. 1968 பிப்ரவரி 28-ல் தொடக்க விழா. 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். ஆனால் அந்த மேட்டு நிலத்துச் சொந்த மண் மழைக்கு மழை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது! காடு அழிந்து, ஆடுமாடு மேய்ந்து, மேல்மண் போய், செம்பாறை தலைகாட்டிய பொட்டல் அது. பெருமழை பெய்தால் ஓடைகளில் செந்நீர்தான் ஓடும். நம் ஆண்டிமடம், செந்துறைச் செம்மண் கொல்லைகளை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கீற்றுக் குடிசையில் இருந்துகொண்டு முதலில் தேடியது நிழல்தான். கன்று நட்டார்கள், மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். குழி வெட்ட, வரப்புப் போட குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி போன்ற பக்கத்து ஊர் ஜனங்கள்தான் கைகொடுத்தார்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு, ஓடையில் தடுப்பணை. அவரவர் நிலத்தில் பெய்த மழை அங்கேயே இறங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வேகமாக வளரும் வேல மர வகையை முதலில் வைத்தார்கள். அதன் நிழலிலும் சருகிலும் மண் குளிர்ந்தது. பிறகு கருங்காலி, காசான் என்று நம் நாட்டு மரங்களை உள்ளே கொண்டுவந்தார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. இதை நான் மனதாரப் பாராட்டுவேன்.

சாப்பாட்டுக் கதை வேறு. அன்னபூர்ணா பண்ணையில் 135 ஏக்கரில் நெல்லும் பால்மாடும் உண்டு. வேறு பண்ணைகளும் இருக்கின்றன. ஆனாலும் அங்குள்ளவர்கள் உண்பதில் சிறு பகுதியே அங்கே விளைகிறது. மற்றதெல்லாம் சந்தையிலிருந்துதான். நிலம் வாங்கிய பணமும் நிலத்தில் விளைந்ததல்ல, வெளியிலிருந்து வந்தது. 1973-ல் அன்னை மறைந்தபின் நிர்வாகத் தகராறு வந்தது. 1980-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பொறுப்பேற்றது. 1988-ல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஊர் வேண்டாம் என்று வந்தவர்களுக்கும் கடைசியில் பார்லிமெண்ட் வேண்டியிருந்தது பாருங்கள்.

அந்தத் தம்பியிடம் நான் போகாதே என்று சொல்லவில்லை. "சம்பளத்தை உடனே விடாதீங்க. இரண்டு மூன்று வருஷச் சோற்றுக்குக் கையிருப்பு இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னே கொல்லைக்குக் குறுக்கே வரப்புப் போடுங்க. மழை நிற்கும்போது குடை பிடிச்சு நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் உடைச்சுக்கிட்டுப் போகுதுன்னு பாருங்க" என்றேன். பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. வடகிழக்கு மூலையைக் கையால் காட்டினார். அடுத்த வாரம் சரிவு பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.