நடுவழியில் நின்ற கார்கள்

கார்ப்ரேட்டர் கார்களில் மெக்கானிக்குகளை மிகவும் அலைக்கழித்த கோளாறு, வந்து வந்து மறையும் கோளாறுதான். சீராக ஓடும் வண்டி திடீரென்று ஆஃப் ஆகும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். பட்டறைக்குள் எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் நிற்காது.

இதற்கான காரணங்கள் பெரும்பாலும் இரண்டு அமைப்புகளுக்குள் அடங்கும். மிதவைக் கிண்ணத்திலிருந்து மெல்லிய ஜெட் வழியாகப் பெட்ரோலைக் காற்றில் தூவும் கார்ப்ரேட்டரை வில்ஹெல்ம் மேபாக் 1893இல் உருவாக்கினார். பேட்டரி, காயில், பாயின்ட், கண்டென்சர் கொண்ட பற்றவைப்பு முறையை சார்லஸ் கெட்டரிங் வடிவமைக்க, 1910ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் அது வந்தது. பிறகு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இரண்டின் அடிப்படையும் மாறவில்லை. பழுது பார்ப்பவர் கேட்ட கேள்விகளும் மாறவில்லை: கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா?

இந்தியாவில் உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயில் தயாரான ஃபியட் 1100, அதன் வழிவந்த பத்மினி, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை இந்தக் கேள்விகளைப் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தன. டிஸ்ட்ரிபியூட்டர் போன்ற மின்பாகங்களை சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தயாரித்தது. பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை இருந்தது. ஒரு வண்டியில் தொழில் பழகியவர் மற்றதிலும் துணிந்து கைவைக்க முடிந்தது.

நல்ல மெக்கானிக்கின் திறமை, வண்டி நின்ற அந்த நிமிடத்தைத் தவறவிடாததில் இருந்தது. பிளக் வயரைக் கழற்றி, எஞ்சின் உடம்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துச் செல்ஃப் அடித்தால் நீலப் பொறி பறக்க வேண்டும். மஞ்சளாக மங்கினாலோ பொறியே இல்லாவிட்டாலோ சந்தேகம் கண்டென்சர்மீதும் காயில்மீதும் விழும். இரண்டும் சூடேறினால் செயலிழந்து, ஆறினால் மீளக்கூடியவை. பாயின்ட் இடைவெளியும் ஃபீலர் கேஜால் அளக்கப்படும். அம்பாசடரில் அது சுமார் 0.4 மி.மீ. இவற்றைவிட வஞ்சகமானது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு வயர். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் பாயின்ட் பொருத்திய தட்டு சற்றே திரும்ப, வயரும் அசையும். மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தால், ஒரு கோணத்தில் மட்டும் தொடர்பு விட்டுப்போகும். வெறும் பார்வைக்கு இது தெரியாது. இழுத்துப் பார்க்க வேண்டும்.

பொறி சரியாக இருந்தால் ஏர் கிளீனரைக் கழற்றி, திராட்டிலைத் திறந்து, உள்ளே பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பார்கள். பீய்ச்சாவிட்டால் கிண்ணம் காலி. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்ப்பால் இழுக்க முடியாது. மூடியைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே போனால் குற்றவாளி அகப்பட்டதாகப் பொருள். டேங்க் துருவும் ஜெட் வாயிலில் போய் ஒட்டும். எஞ்சின் நின்று உறிஞ்சல் ஓய்ந்ததும் தானே கீழே விழுந்துவிடும். வண்டி மறுபடி கிளம்பிய மர்மம் பல நேரங்களில் இவ்வளவுதான்.

கோடையில் இன்னொரு காரணமும் சேரும். எஞ்சின்மீதே பொருத்தப்பட்ட பம்ப் சூடேறி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப்மீது ஈரத்துணி சுற்றும் வழக்கம் இதனால் வந்தது. பிரிட்டன் போன்ற ஈரக்குளிர் நாடுகளில் நேர்மாறாக, ஆவியாகும் பெட்ரோல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, கார்ப்ரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டி படியும். நின்றபின் எஞ்சின் சூட்டில் அது உருகிவிடுவதால் தடயமே மிஞ்சாது.

சோதிக்காமல் கார்ப்ரேட்டரைப் பிரித்துக் கழுவுவது பட்டறைகளின் பரவலான பழக்கமாக இருந்தது. சில நாள் குணம் தெரியும். டேங்கில் துரு இருக்கும்வரை கோளாறு திரும்பும். காரணத்தைத் தேடிய பொறுமைதான் இத்தொழிலின் உண்மையான அறிவு. அது போதிய அளவு எழுதிவைக்கப்படாதது பெரிய இழப்பு.

1995இல் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டரும் ஈயமற்ற பெட்ரோலும் வந்தன. 2000ஆம் ஆண்டின் புகை விதிகளையொட்டி எரிபொருள் இன்ஜெக்ஷன் பரவியது. பாயின்ட் மறைந்தது, பழுதுக் குறியீட்டை வண்டியின் கணினியே சேமித்து வைத்தது. பழைய கார்களைப் பேணுவோருக்கு மட்டும் வேலை தொடர்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரமையும் உப்பவைக்கிறது, ஈரத்தை ஈர்க்கிறது, டேங்கின் பழைய படிவுகளைக் கிளறிவிடுகிறது. எத்தனால் தாங்கும் குழாய்களும் பம்ப்புக்கு முன் ஒரு ஃபில்டரும் இப்போது முதல் வேலையாகப் பொருத்தப்படுகின்றன.