வளர்ச்சியின் வேகம்: திருப்பூர்ச் சிறு தொழில்களை முன்வைத்து ஒரு வாதம்

வங்கிக் கடனுக்காக ஆடிட்டர் அலுவலகங்களில் தயாராகும் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்த ஆண்டு விற்பனை இவ்வளவு, அடுத்த ஆண்டு இத்தனை சதவீதம் கூடும் என்று முதலில் எழுதிவிடுகிறார்கள். ஆள், எந்திரம், முதல் எல்லாம் அதற்கேற்பப் பின்னால் நிரப்பப்படுகின்றன. நாயக் குழுவின் பரிந்துரைப்படி ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறையும் இப்படித்தான் கணக்கிடுகிறது: சிறு தொழிலின் நடைமுறை மூலதனக் கடன், எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம். விரிவான கணக்கு காட்ட இயலாத சிறு உரிமையாளருக்கு வங்கிக் கதவைத் திறந்துவிட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் கடன் அளக்கும் முறையே வளர்ச்சியைத் திட்டமிடும் முறையாகவும் ஆகிவிட்டது தவறு. ஒரு சிறு தொழில் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை, போட்டது திரும்பி வர ஆகும் காலமே தீர்மானிக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் ஆர்டர் அல்ல. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

திருப்பூரில் நூல் பனியனாகிப் பெட்டியில் ஏறுவதற்குள் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எனப் பல கை மாறுகிறது. பல வேளைகளில் ஒவ்வொன்றும் ஒரு தனி முதலாளியின் ஜாப் ஒர்க். தையலை மட்டும் எடுத்துச் செய்யும் பவர் டேபிள் யூனிட் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு வேலை. 9 லட்சம் செலவு. செலவில் பெரும்பகுதி கூலி, சனிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும். பில் பணம் வருவதோ 60 நாளில். ஆகவே எந்நேரமும் 18 லட்சம் வெளியே நிற்கிறது.

இப்போது வேலையை இரட்டிப்பாக்கும் ஆர்டர் வருகிறது. இன்னொரு 18 லட்சம் வேண்டும். அது 18 மாத லாபம். வீட்டுச் செலவுக்கு மாதம் 60 ஆயிரம் எடுத்தால் மிஞ்சுவது 40 ஆயிரம். 45 மாதம் சேர்க்க வேண்டும். கடன் வாங்கி ஈடுகட்டலாம், சொன்ன நாளில் பணம் வந்தால் அது தாங்கும். வரவு ஒரு மாதம் தள்ளிப்போனால்தான் சிக்கல். பழைய அளவில் அந்தத் தாமதம் கூடுதலாக 9 லட்சம் கேட்டிருக்கும். இப்போது 18 லட்சம் கேட்கும். லாபத்தில் ஓடும் யூனிட் கூலி கொடுக்க முடியாமல் நிற்பது இப்படித்தான். நிதியியல் அறிஞர் ராபர்ட் ஹிக்கின்ஸ் 1977இல் பெரு நிறுவனங்களை மனத்தில் வைத்துச் சொன்னதன் சாரமும் இதுவே: உள்ளே தங்கும் லாபமும் தாங்கக்கூடிய கடனும் அனுமதிப்பதற்கு மேல் விற்பனை வளர்ந்தால், லாபம் இருந்தும் கையில் காசு இராது.

அதே யூனிட் பில் பணத்தை 60 நாளுக்குப் பதில் 45 நாளில் வாங்கிவிட்டால் என்ன ஆகும்? அதே 18 லட்சம், மாதம் 12 லட்சம் செலவைத் தாங்கும். அதாவது ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காமல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை. புதிய வாடிக்கையாளரைத் தேடி அலைவதைவிட இது பெரிய வளர்ச்சி. ஆனால் நான் பார்த்த திட்ட அறிக்கைகளில் இதற்கென ஒரு வரிகூட இல்லை.

சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்குக் கூட்டு வட்டி. குறு, சிறு யூனிட்டுகளுக்குத் தவணைக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்தது. இருந்தும் முக்கால்வாசி வேலையை ஒரே பார்ட்டியிடமிருந்து எடுத்துச் செய்யும் யூனிட்காரர் அந்தப் பார்ட்டி மீது புகார் கொடுக்க மாட்டார். சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தும் தெம்பு, வேலையைப் பலரிடம் பிரித்து வாங்குவதில் இருக்கிறது.

பணத்தைவிட மெதுவாகத் திரும்புவது ஆள் திறன். நிறுவன வளர்ச்சியின் எல்லையை நிர்வாகத் திறனில் கண்டவர் பொருளியலாளர் எடித் பென்ரோஸ் (1959). தொழிலாளியாக இருந்து உழைப்பால் முதலாளியானவர்கள் நிறைந்த திருப்பூரை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஓவர்லாக் தையலைக் கண்ணால் பார்த்தே குறை சொல்லும் திறமை அத்தகைய முதலாளியின் பலம். இரண்டாவது ஷெட் போட்டதும் அவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. லைனைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பழக்கிய பிறகே அடுத்த ஷெட் என்பது என் துணிபு.

எல்லாவற்றிலும் மெதுவாகத் திரும்புவது நீர். பருத்தித் துணிக்குச் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். அது கழிவுநீரோடு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டன. 1990களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தும், கரைந்த உப்பை அவற்றால் நீக்க முடியவில்லை. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த உத்தரவு நியாயமானது. துணியைச் சாயமேற்ற வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று; சாயத்தையே தொடாத தையல் யூனிட்டுகளும் வேலையின்றி நின்றன. ஒவ்வொரு பட்டறையும் தன் கணக்கில் எழுதாமல் விட்ட செலவு, ஊர் முழுவதன் கணக்கிலும் ஒரே நாளில் ஏறியது. பிறகு கழிவுநீர் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்கு மாறி, நீரை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிய பின்தான் பட்டறைகள் இயங்கின. அந்தச் செலவு இன்று சாயக் கூலியிலேயே அடங்கியிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அடங்கியிருக்க வேண்டியது.

ஆர்டரை விட்டால் பார்ட்டி போய்விடுவார் என்பது வலுவான மறுப்பு. திருப்பூரே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: தாங்காத பங்கை அடுத்த யூனிட்டுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஆனால் பிரித்துக் கொடுப்பவர் தம் 60 நாள் காத்திருப்பையும் சேர்த்து இறக்கிவிட்டால், சுமை இன்னும் சிறியவரிடம் போய்ச் சேரும். ஆகவே பிரிக்கும்போது பணம் தரும் நாளையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

வங்கியின் படிவத்திலேயே இதைத் தொடங்கலாம். கடந்த 12 மாதத்தில் ஒவ்வொரு பார்ட்டியும் எத்தனை நாளில் பணம் கொடுத்தார், மொத்த வேலையில் அவர் பங்கு எவ்வளவு, முதலாளி இல்லாத நாளில் லைனை நடத்துபவர் யார், சாயப்பட்டறையானால் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது, அங்கே அதற்கு ஒதுக்கிய கொள்ளளவு எவ்வளவு: இவை முதல் பக்கத்தில் வரட்டும். விற்பனைக் கணிப்பு அதன் பிறகு.